பதினொரு வீட்டுக்காரிகளின் ஆட்சேபம்

முத்துக்காரத் தெரு,
ஷஅபான் பிறை 12 (20-6-1948)

அன்பு மகன் அபுல் ஹஸனுக்கு உன் உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் உன் உடம்பும் உன் தொழிலும் அல்லாஹ்வின் காவலில் இருக்கட்டும். இங்கே எனக்கும் உன் தங்கச்சி ராஹிலாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கச்சான் காற்று பத்து நாளாக மண்ணை வாரி வீசுகிறது, சோற்றுச் சட்டியைத் திறந்து வைக்க முடியவில்லை, கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு முற்றத்தில் போய் விழுகிறது. நோன்புக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்று சுண்ணாம்பு நீற்றி வைத்திருக்கிறேன். இப்படியே சுகமாக எழுதி முடித்துவிடலாம், நீயும் சந்தோஷமாக மடித்து வைத்துவிடுவாய். ஆனால் உன் மாமாவுக்கு நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை நான் பார்த்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். கடையில் ஆள் இருக்கும்போது படிக்காதே, தங்குகிற இடத்துக்குப் போய் உட்கார்ந்து படி.

என் தம்பி மொகுதூம் உன்னிடம் என்ன எழுதி அந்தக் கையெழுத்தை வாங்கினான் என்று எனக்குத் தெரியாது. வீடு பழசாகிவிட்டது, இடித்துப் புதுசாகக் கட்டினால் உம்மாவுக்கு நல்லது என்று எழுதியிருப்பான். முழுக் கதையையும் என்னிடம் கேள். ஆறுமுகநேரியிலிருந்து உப்பு ஏற்றி வருகிற லாரிகள் நம் தெரு முனையில் திரும்ப முடியாமல் நிற்கின்றன அல்லவா, அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று பஞ்சாயத்து போர்டில் பேச்சு வந்தது. போர்டு மெம்பரான உன் மாமா ஒரு திட்டம் போட்டான். பழைய வீடுகளைச் சீர்திருத்தும் திட்டம் என்று அதற்குப் பெயர். நம் வீட்டு வரிசைக்குப் பின்னால் பெண்கள் போக வர இருக்கிற முடுக்கு இருக்கிறதே, ஒரு வீட்டுப் பின்வாசலில் இறங்கினால் ஆண்கள் கண்ணில் படாமல் கடைசி வீடு வரை போய்விடலாமே, அந்த முடுக்கை அகலமாக்கி லாரி போகிற ரோடு போடுவது. அதற்காகப் பதினொரு வீட்டின் பின்கட்டை வெட்டுவது. வெட்டினால் மீதி வீடு நிற்காது என்பதால் பதினொன்றையும் ஆபத்தான கட்டடம் என்று எழுதி இடித்துவிட்டு, சிமிண்டுக்குப் பெர்மிட்டு வாங்கிக் கொடுத்து, முன்பக்கம் சரக்கு வைக்கிற கிட்டங்கியும் மேலே இரண்டு அறையுமாகக் கட்டச் சொல்வது. நம் வீட்டுக்குப் போட்ட பிளானை நான் பார்த்தேன். நம் அடுப்பும் கிணறும் இருக்கிற இடத்தில் ரோடு என்று நீலக்கோடு போட்டிருந்தது.

அவன் கெட்ட எண்ணத்தில் செய்தான் என்று நான் சொல்லவில்லை. போன ஐப்பசி மழையில் பின்தெருவில் ஒரு சுவர் சரிந்து, மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கால் முறிந்தது. மண்ணைத் தோண்டி அவளைத் தூக்கி வந்தவன் உன் மாமாதான். அன்றிலிருந்து பழைய சுவர் எதைக் கண்டாலும் அவன் முகம் மாறிவிடும். பயத்தில் போட்ட திட்டம்தான். பயத்தோடு கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொண்டது, லாரி ரோடு போட்ட மெம்பர் என்று நாலு பேர் சொல்வார்களே. ஆனால் பயந்தவன் என்னிடம் வந்து, உன் சுவரைப் பார்க்கட்டுமா லாத்தா என்று கேட்டிருக்க வேண்டும். அவன் என்னைக் கேட்கவில்லை, கடல் தாண்டி இருக்கிற உன்னைக் கேட்டான். நீயும் என்னைக் கேட்கவில்லை.

ரஜப் பிறந்த வாரம் போர்டு கிளார்க் வேதமணி வந்து நம் கதவில் நோட்டீசு ஒட்டிவிட்டுப் போனார். ஆட்சேபம் உள்ளவர்கள் பத்து நாளைக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அன்றைக்கே உன் மாமா வந்தான். எனக்கு ஆட்சேபம் உண்டு என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, லாத்தா நீ சும்மா இரி, ஒம் மவனே சம்மதிச்சாச்சு என்று சட்டைப்பையிலிருந்து உன் தாளை எடுத்து விரித்தான். உன் எழுத்து எனக்குத் தெரியாதா, நான் கைபிடித்துப் பழக்கிய எழுத்து. ராஹிலா அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள். மடித்து, மாமாவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து அவளுக்கு நிக்காஹ். நம் வழக்கப்படி மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வர வேண்டும். என் உம்மா எனக்குக் கொடுத்த வீடு, நான் அவளுக்குக் கொடுக்கப்போகிற வீடு. அதைத் தன் கூடப்பிறந்த காக்கா ஒரு முத்திரைத் தாளில் இடிக்கச் சொல்லிவிட்டானே என்று அவள் அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டுத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முடுக்கில் இறங்கினேன். மூன்று நாள் பத்து வீட்டுக்கும் நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டேன், இந்த வீடு யாருடையது, உன்னிடம் யாராவது கேட்டார்களா என்று. சிலருக்கு நோட்டீசு ஒட்டியதே தெரியாது, கட்டின மாப்பிள்ளைமார் கிழித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஒன்பது பேர் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் தயங்கினாள். அது நம் போர்டு பிரெசிடெண்டின் பெண்டாட்டி ஜெய்னம்பு. எம் மாப்பிள்ளை பிரெசிடெண்டு, நான் எப்படிக் கையெழுத்துப் போட, வீட்டுல சண்டை வந்துராதா என்று சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. ஆட்சேபத்தை நானே எழுதினேன். இந்தக் கடிதத்தை எழுதுகிற இதே எழுத்தில்தான் எழுதினேன், அரபு எழுத்தில் நம் தமிழ், எனக்குத் தெரிந்தது அதுதான். நீட்டி முழக்கவில்லை. அதில் எழுதியது இவ்வளவுதான்: "போர்டில் இருக்கிற கனவான்கள் ஒன்பது பேரில் ஏழு பேர் தங்கள் பெண்டாட்டி வீட்டில் இருக்கிறவர்கள். காலையில் எந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தீர்களோ, அந்த வீட்டுக்காரியிடம் கேட்டீர்களா? வீட்டு வரி எழுதுகிற தீர்வைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், பதினொரு வீடும் யார் பேரில் இருக்கிறது என்று. எங்கள் வீட்டைப் பார்க்காமல் ஆபத்தான வீடு என்று எழுதக் கூடாது. நாங்கள் கூட்டத்துக்கு வர முடியாது என்றால் கூட்டம் எங்கள் வீட்டுக்கு வரட்டும்." ஒன்பதாம் நாள் அஸருக்குப் பிறகு ஜெய்னம்பு தானாக வந்தாள். கையில் தன் வீட்டுப் பேனாவையே கொண்டு வந்திருந்தாள். பத்துப் பெயருக்கும் கீழே தன் பெயரை எழுதிவிட்டு, சண்டை வந்தா வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேதமணியை வாசலுக்கு வரச் சொல்லி, கதவுக்குப் பின்னால் நின்று கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், காகிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, அம்மா இது எனக்குப் படிக்கத் தெரியாதே, தமிழ்ல எழுதித் தாங்க என்றார். அது தமிழ்தான் என்றேன். எழுத்து வேறயா இருக்கே என்றார். உங்க பிரெசிடெண்டுக்கு அந்த எழுத்து நல்லாத் தெரியும், பம்பாயில் இருந்தப்போ அவருக்குப் போன வீட்டுக் கடுதாசியெல்லாம் இதே எழுத்துதான், அவரையே படிக்கச் சொல்லுங்க என்றேன். அப்படியே நடந்தது. கூட்டத்தில் வேறு வழியில்லாமல் பிரெசிடெண்டு எழுந்து, பெண்டாட்டி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த கனவான்களே என்பதையெல்லாம் தன் வாயால் சத்தமாகப் படித்திருக்கிறார். கடைசியில் பதினோராவது பெயருக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதையும் படித்தாராம். யாரும் சிரிக்கவில்லையாம். பிறகு தீர்வைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்களாம். வேதமணி ஒவ்வொரு பெயராகப் படித்தார், பதினொன்றும் பெண் பெயர். இடத்தைப் பார்த்துவிட்டுத் தீர்மானம் செய்வது என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

பார்க்க வந்த நாள் ஒரு திங்கட்கிழமை காலை. பிரெசிடெண்டு, உன் மாமா, இன்னும் மூன்று மெம்பர்மார், வெளியூரிலிருந்து வரவழைத்த ஓவர்சியர் தாணுலிங்கம், அவரோடு ஆறுமுகநேரி ஆசாரி சொரிமுத்து. முதலில் நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். நான் நடுக்கதவில் திரையைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் நின்றேன். உன் மாமா நேரே மேலச் சுவருக்குப் போய், இந்த வெடிப்பைப் பாருங்க, ஒரு ஐப்பசி தாங்குமா என்றான். ஓவர்சியர் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு விரல் கனம்கூடச் சாயவில்லை. வெடிப்பை ஆணியால் சுரண்டினார், மேல்பூச்சு உதிர்ந்தது, உள்ளே கடல்கல் அப்படியே இருந்தது. பூச்சுதான் வெடிச்சிருக்கு, சுவருக்கு ஒண்ணுமில்ல என்று எழுதிக்கொண்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனால் மச்சுக்கு ஏறினவர்கள் வெகு நேரம் இறங்கவில்லை. சொரிமுத்து ஆசாரி கீழே வந்து திரைக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, அம்மா, நடு உத்தரம் சுவருக்குள்ள போற இடத்துல ஒண்ணரை முழம் கரையான் தின்னுருக்கு, உளி வச்சா மாவாக் கொட்டுது என்றார். சத்தியமாக அது எனக்குத் தெரியாது. அந்த உத்தரத்துக்கு நேர் கீழேதான் ராஹிலா படுக்கிறாள். உன் மாமா திரைப்பக்கம் திரும்பினான். பாத்தியா லாத்தா, நான் சொன்னேனா இல்லையா என்றான். அவன் குரலில் வெற்றி இல்லை, பயம்தான் இருந்தது, அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான், நீ சொன்னது சரிதான், ஒரு உத்தரம் கெட்டிருக்கு, அதை மாத்துதேன், எத்தனை நாள் வேணும்னு ஆசாரியையே கேளு என்றேன். மரம் வந்து சேந்தா மூணு நாள் சோலி என்றார் சொரிமுத்து. ஓவர்சியர் அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்தது முடுக்கை அளக்க வேண்டும். பின்வாசல் கதவைத் திறந்தார்கள். அங்கே பதினொரு வீட்டுப் பெண்களும், அவர்களுடைய பெண்மக்களும் மருமக்களுமாக, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தோளோடு தோள் நின்றார்கள். நான் சொல்லி வரவழைக்கவில்லை. ஏற்பாடு செய்தவள் ராஹிலா, எனக்கே அப்போதுதான் தெரியும். உன் மாமா வழி விடச் சொல்லிச் சத்தம் போட்டான். ஒருத்தியும் நகரவில்லை. காற்றுக்குத் துப்பட்டி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அதில் எது தன் பெண்டாட்டி, எது தன் மகள் என்று மெம்பர்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓவர்சியர் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி, பொம்பளையாளுக நிக்கிற எடத்துல நான் சங்கிலி போட மாட்டேன், நீங்க என் மேல புகார் எழுதிப்போட்டாலும் சரி என்று வந்த வழியே வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் உன் மாமாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முன்வாசலில் எல்லார் முன்னாலும் உன் தாளை எடுத்து, இந்த வீட்டு ஆம்பிளைப் பிள்ளை சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுருக்கான், இதுக்கு மேல என்ன வேணும் என்றான். நான் திரையை விலக்கிக்கொண்டு துப்பட்டியோடு வாசற்படி வரை வந்துவிட்டேன். உன் வாப்பா மௌத்தான இந்த ஆறு வருஷத்தில் அந்தப் படிக்கு நான் பகலில் வந்தது அதுவே முதல் தரம். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வேறு யாராவது கொழும்புக்கு வந்து கூட்டியோ குறைத்தோ சொல்வதற்கு முன்னால் நீ என்னிடமே கேட்டுக்கொள். எம் மவனுக்கு இந்த வீட்டுல சோறு உண்டு, பாய் உண்டு, அவன் எப்ப வந்தாலும் கதவு தொறந்திருக்கும், ஆனா ஒரு கல்லைப் பெயர்க்கச் சொல்ல அவனுக்கு ஹக்கு இல்ல, அவன் கையெழுத்து இந்த வீட்டைக் கட்டுப்படுத்தாது, இதை அவனைப் பெத்தவ நான் சொல்லுதேன் என்றேன். தெரு முழுக்கக் கேட்டது. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, இந்தக் கடிதத்திலும் எடுத்துக்கொள்ள மாட்டேன். உனக்குச் சுடும். சுடட்டும் வாப்பா. எனக்கும் உன் தாளைப் பார்த்த அன்று சுட்டது.

லாரிக்கு வழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதையும் அங்கேயே சொன்னேன். தெரு முனையில் லாரி திரும்பாததற்குக் காரணம் முடுக்கு இல்லை, முன்னால் துருத்திக்கொண்டிருக்கிற நம் வீட்டு மூலைதான். அந்த மூலையை நாலு அடி வெட்டி வளைத்து எடுத்துக்கொள்ளுங்கள், நான் கொடுக்கிறேன், எடுத்ததாக எழுதாமல் வீட்டுக்காரி கொடுத்ததாக எழுதுங்கள் என்றேன். வெளியே போன ஓவர்சியர் திரும்பி வந்து அங்கே சங்கிலியைப் போட்டுப் பார்த்து, நாலு அடி போதும், நல்லாவே திரும்பும் என்றார். விருந்தாளி வந்தால் உட்காருகிற அறை ஒரு பக்கம் குறுகிப்போகும். போகட்டும். ஷஅபான் மூன்றாம் பிறையில் கூட்டம் போட்டு, முடுக்கில் கை வைப்பதில்லை, பதினொரு வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை, பழுது உள்ளதை மூன்று மாதத்துக்குள் பழுது பார்த்து ஓவர்சியரிடம் காட்ட வேண்டும் என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். ஐந்துக்கு நான்கு. ஐந்தாவது கை பிரெசிடெண்டுடையது. உன் மாமா எதிர்த்துத்தான் கை தூக்கினான், அதில் எனக்கு வருத்தம் இல்லை, நினைத்ததை மறைக்காமல் செய்தான்.

தூத்துக்குடி மரக்கடையிலிருந்து தேக்கு வந்து, போன வியாழக்கிழமை உத்தரம் ஏறிவிட்டது. சொரிமுத்து ஆசாரி சொன்ன சொல் தவறாமல் மூன்றே நாளில் முடித்தார். ஏற்றின அன்று நானும் ராஹிலாவும் மச்சில் நடுவில் போய் நின்று குதித்துப் பார்த்தோம், அவள் சிரித்த சிரிப்பை நான் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்டேன். பூச்சு வேலை மட்டும் மிச்சம். பின்தெருவில் இன்னும் இரண்டு வீட்டுச் சுவர் உண்மையிலேயே மோசம் என்று ஓவர்சியர் சொல்லியிருக்கிறார், அந்த வீட்டுக்காரிகள் இருவரும் எங்களோடு சேர்ந்து ஆட்களை வைத்துச் சரி செய்கிறார்கள். உன் மாமா அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை, இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மிதிக்காமல் இருக்கட்டும். ராஹிலாவின் நிக்காஹுக்கு அழைக்க நானே அவன் வீட்டுக்குப் போவேன், முடுக்கு வழியாகப் போக மாட்டேன், முன்தெரு வழியாகப் பகலில் போவேன். கதவைச் சாத்தினால் திறக்கிற வரைக்கும் தட்டுவேன். அவன் என் தம்பி, அதையும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனைந்தபடி கடையில் உட்காராதே, நோன்பில் ஸஹர் சாப்பாட்டை விட்டுவிடாதே. பெருநாள் முடிந்ததும் வருவதற்கு இப்போதே முதலாளியிடம் சொல்லி வை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான புத்தியையும் தந்து, போகும் இடமெல்லாம் உன்னைக் கைவிடாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். கோபத்திலும் கேட்காமல் விட்டதில்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம். ராஹிலாவுக்குத் தனியாக எழுது, அவள் பெயரை உறை மேல் போட்டு எழுது. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் உம்மா,
ஆமினா உம்மாள்,
முத்துக்காரத் தெரு மூலை வீட்டுச் சொந்தக்காரி